கேஷ் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு

பின்தளம் எழுதும் நண்பர்களே,

பக்கம் மெதுவாக வருகிறது என்று புகார் வந்தால் போதும், "முன்னால ஒரு ரெடிஸ் வச்சிடலாம்" என்று யாராவது சொல்வார், எல்லோரும் தலையாட்டுவோம், நானும் ஆட்டியிருக்கிறேன். ரெடிஸ் இங்கே கேஷ், அதாவது அடிக்கடி கேட்கும் தரவின் நகலை டேட்டாபேஸுக்கு முன்னால் வைத்து வேகமாகத் தருவது. வேகம் கிடைத்தது உண்மைதான். ஆனால் சிலர் முகவரியை மாற்றிச் சேமித்த பிறகும் பழைய முகவரியே வந்து நின்றது. நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் தானாகச் சரியாகியிருக்கும். இரண்டு நாள் டேட்டாபேஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

அது பாவம், ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எங்கள் டேட்டாபேஸான கசாண்ட்ராவில் ஒவ்வொரு தரவுக்கும் 3 பிரதிகள் வைத்திருந்தோம். எழுதும்போது 2 பிரதிகளின் ஒப்புதல், படிக்கும்போதும் 2. இரண்டும் சேர்ந்தால் மூன்றைத் தாண்டுவதால், புதிய மதிப்பு தெரிந்த ஒரு பிரதியாவது படிக்கும் இரண்டில் இருந்தே தீரும். இதற்காகவே ஒவ்வொரு கோரிக்கையிலும் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கிறோம். அப்புறம் கேஷை அதன் முன்னால் வைக்கிறோம். அது நான்காவது பிரதி, ஆனால் யாரிடமும் ஒப்புதல் கேட்காத பிரதி. பெரும்பாலானவர்கள் பார்ப்பதோ அதைத்தான்!

"எழுதினதும் கீயை அழிச்சிடறோமே" என்பீர்கள். கீ என்றால் கேஷில் ஒரு தரவு வைக்கப்படும் பெயர், அதை அழித்தால் பழைய நகலும் போய்விடும். சரி. கேஷில் கிடைக்காமல் ஒரு கோரிக்கை டேட்டாபேஸுக்குப் போய்ப் பழைய மதிப்பை எடுக்கிறது, அது திரும்பி வருவதற்குள் இன்னொன்று புதியதை எழுதி கீயையும் அழித்துவிடுகிறது, பிறகு முதலாவது சாவகாசமாக வந்து கையிலிருக்கும் பழையதைக் கேஷில் வைக்கிறது. இனி கேஷில் அந்த நகல் காலாவதியாகும்வரை பழைய முகவரிதான்.

ஃபேஸ்புக் 2013இல் தன் கேஷ் அமைப்பான மெம்கேஷ் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு வழி இருக்கிறது. கேஷில் இல்லை என்றால் கேட்டவருக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். இடையில் கீ அழிக்கப்பட்டால் டோக்கன் செல்லாது, பழையதை உள்ளே வைக்க முடியாது. ஒரு கீக்கு 10 வினாடிக்கு ஒரு டோக்கன்தான் என்பதால், எல்லோரும் கேட்கும் கீ காலியானதும் டேட்டாபேஸ் மேல் கூட்டமாக விழுவதும் குறைகிறது.

இவ்வளவு செய்ய நேரமில்லையா? அப்படியானால் இந்தத் தரவு எத்தனை வினாடி பழசாக இருக்கலாம் என்றாவது கேட்டுக் காலாவதி நேரத்தை முடிவு செய்யுங்கள். பார்வை எண்ணிக்கை ஒரு நிமிடம் பிந்தலாம். அனுமதிகள், கணக்கு இருப்பு எல்லாம் கேஷ் பக்கமே போக வேண்டாம். எங்கள் கோடில் முகவரிக்கு இருந்த எண் 3600 வினாடி, அதாவது ஒரு மணி நேரம். யார் வைத்தது என்று தேடினோம். வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது, ஒட்டியவன் நான்.