பாப்பாவுக்கு, வலி மாத்திரை விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ தம்பிக்கு அனுப்பிய டாக்டர் சீட்டையும் மாத்திரை அட்டைகளின் படத்தையும் அவன் எனக்கு அனுப்பி வைத்தான். முழங்கால் வீக்கத்துக்கு நாப்ராக்சன் 500 மி.கி. காலையும் இரவும், கூடவே கேஸ் மாத்திரையாக ஒமெப்ரசோல் 20 மி.கி. காலையில், 30 நாளைக்கு. "கேஸ் மாத்திரையை வயிறு எரிஞ்சா மட்டும்தான் அக்கா போடறாளாம், சரியாப்பா?" என்று கேட்டிருந்தான். சரியே இல்லை. மருந்துக்கடையிலேயே காலம் தள்ளிய ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது இதைப் போய் தம்பியிடம் கேட்டிருக்கிறாய். போகட்டும், வேலை மும்முரத்தில் இருந்திருப்பாய். வீட்டுச் செய்தி நிறைய இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன்.

கேஸ் மாத்திரையைத் தினமும் போடு. எரிந்தாலும் எரியாவிட்டாலும் போடு. இந்த வகை வலி மாத்திரையால் வரும் புண் பல பேருக்கு வலிப்பதே இல்லை. வலியை அமுக்கும் மருந்து உடம்பில் இருக்கும்போது புண்ணின் வலி மட்டும் எப்படித் தெரியும்? சில பேருக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவுதான். பெரியத்தை கதை உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலைகூட "வயித்துக்கு ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னாள்.

காரணம் தெரிந்தால்தான் நீ கேட்பாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது ப்ராஸ்டகிளாண்டின் என்கிற பொருள். வயிற்றின் உட்சுவரில் சளிப்படலம் சுரப்பதும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் சுரப்பதும், அந்தச் சுவருக்கு ரத்தம் தாராளமாக ஓடுவதும் அதே பொருளின் தயவில்தான். நாப்ராக்சன் அதைத் தயாரிக்கும் என்சைமையே அடைத்துவிடுகிறது. முழங்காலில் நல்லது, வயிற்றில் கெட்டது, இரண்டும் ஒரே வேலை. (ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971-ல் காட்டினார், 1982-ல் நோபல் பரிசும் வாங்கினார்.) மருந்து ரத்தத்தில் கலந்து செய்கிற கெடுதல் இது. அதனால் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் கோட்டிங் போட்ட மாத்திரையாக வாங்கினாலும் வயிறு தப்பாது. சாப்பிட்டபின் போட்டால் குமட்டலும் எரிச்சலும் குறையும், அவ்வளவுதான். "நான் சாப்பிட்டுட்டுத்தானே போடறேன்" என்பது கேஸ் மாத்திரைக்கு ஈடாகாது.

ஒமெப்ரசோல் செய்வது என்ன? வயிற்றில் அமிலத்தைச் சுரக்கும் பம்புகளைப் பிடித்து நிரந்தரமாக அடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பிடிக்க முடியும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றில் பெரும்பாலான பம்புகள் தூங்கும். சாப்பாடு இறங்கும்போதுதான் விழிக்கும். மருந்தோ ரத்தத்தில் ஓரிரு மணி நேரமே நிற்கும். அதனால்தான் சாப்பிடுவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போடச் சொல்வது. முதல் நாள் எல்லாப் பம்பும் அகப்படாது, உடம்பு புதுப் பம்புகளையும் செய்துகொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று நான்கு நாள் போட்டால்தான் முழுப் பலன் வரும். எரிகிற அன்றைக்கு ஒன்று போட்டு நாலு நாள் விட்டால், பாதுகாப்பு ஒரு நாளும் முழுசாக இருக்காது.

ஆகவே காலையில் எழுந்ததும் ஒமெப்ரசோல், தண்ணீரோடு. கேப்ஸ்யூலை மெல்லாதே, உள்ளே இருக்கும் குருணையைப் பொடிக்காதே. அந்தக் குருணையின் மேல்பூச்சு போய்விட்டால் குடலுக்குப் போகும் முன்பே அமிலம் மருந்தை அழித்துவிடும். அரை மணி கழித்து வயிறாரச் சாப்பிடு. காலைச் சாப்பாட்டை விடுகிற வழக்கம் உனக்கு உண்டு, இந்த 30 நாளைக்காவது அது வேண்டாம். சாப்பிட்டதும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு நாப்ராக்சன். இரவு சாப்பிட்டபின் அடுத்தது, ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில். மாத்திரை போட்ட கையோடு படுத்துக்கொள்ளாதே, அரை மணியாவது உட்கார்ந்திரு. உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

நெஞ்சு எரிந்தால் குடிக்கும் ஆன்டாசிட் திரவம் அந்த நேரத்து எரிச்சலுக்குத்தான். புண்ணைத் தடுக்காது. அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மாத்திரையான ஃபாமோடிடின் வைத்திருக்கிறேன் என்பாய். வழக்கமான அளவில் அது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண்ணைத் தடுக்கும், இரைப்பைப் புண்ணுக்குப் போதாது. கேஸ் மாத்திரை என்றால் ஒமெப்ரசோல்தான், தினமும்.

ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு அல்சர் வந்ததை இந்த டாக்டரிடம் சொன்னாயா? சீட்டில் முந்தைய வியாதிகள் என்ற இடம் காலியாக இருக்கிறது. ஒரு தடவை புண் வந்த வயிற்றில் வலி மாத்திரை போனால் மறுபடி வரும் வாய்ப்பு மிக அதிகம். அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யலாம், ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்துவிடும். நாப்ராக்சன் ஓடும்போது நீயாக ஒமெப்ரசோலை நிறுத்தவும் கூடாது. எது முதலில் என்பதை டாக்டர் சொல்லட்டும். சொல்வதற்கு அவருக்கு விஷயம் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, மருந்து விஷயமாகவே எழுதிவிடுகிறேன்.

படத்தின் கீழ் ஓரத்தில், நாப்ராக்சன் அட்டைக்கு அடியில், வேறொரு அட்டையின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளித் தகடு, அதில் 'லோப்ராம் 10' என்று வெட்டுப்பட்ட எழுத்து, நாலு இடத்தில் தகடு கிழிந்திருக்கிறது. எஸ்சிடலோப்ராம். மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. உனக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன்னுடையது இல்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடு.

உன்னுடையது என்றால் கவனமாகப் படி. ரத்தம் உறைவதற்கு முதலில் ஓடிவருவது தட்டணுக்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள அவற்றுக்குச் செரோடோனின் உதவுகிறது. அதைத் தட்டணுவால் தானே செய்துகொள்ள முடியாது, ரத்தத்திலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். எஸ்சிடலோப்ராம் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாப்ராக்சனோடு சேரும்போதுதான் சிக்கல்: அது வயிற்றுச் சுவரையும் புண்ணாக்கும், தட்டணுக்களையும் மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம், தனித்தனியாக இருப்பதைவிட நன்றாகவே ஏறுகிறது. தினமும் போடும் கேஸ் மாத்திரை அதைக் கணிசமாகக் குறைக்கும். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு எஸ்சிடலோப்ராமை நிறுத்திவிடாதே. அதுதான் எனக்குப் பயம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்கிற மாதிரி வெட்டு, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். எதற்காகச் சாப்பிடுகிறாயோ அதுவும் திரும்பி வரலாம். மாற்ற வேண்டியது வலி மாத்திரையைத்தான். முழங்காலுக்கு வேறு வழிகள் உண்டு. இதை நிறுத்துவதோ குறைப்பதோ எழுதிக்கொடுத்தவர் சொன்னபடி படிப்படியாகத்தான்.

ஒமெப்ரசோல், எஸ்சிடலோப்ராமைக் கல்லீரல் உடைப்பதையும் தாமதமாக்கும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடும். அதிகத் தூக்கம், குமட்டல், படபடப்பு ஏதாவது புதிதாக இருந்தால் அதனாலும் இருக்கலாம். அதே வகைக் கேஸ் மாத்திரையான பான்டோபிரசோலுக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. முழங்கால் டாக்டரிடம் "நான் எஸ்சிடலோப்ராம் 10 சாப்பிடுகிறேன், முன்பு அல்சர் வந்திருக்கிறது" என்று இந்த ஒரு வாக்கியத்தைச் சொல். அவர் காரணம் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு நீ கேள்: கேஸ் மாத்திரையைப் பான்டோபிரசோல் 40-ஆக மாற்றலாமா? நாப்ராக்சன் 30 நாளும் வேண்டுமா, 250 போதுமா? அதற்குப் பதில் செலிகாக்சிப் சரிப்படுமா? செலிகாக்சிப் வயிற்றின் பாதுகாப்பை அவ்வளவாகக் கெடுக்காது, தட்டணுக்களையும் தொடாது. உனக்கு அதோடும் கேஸ் மாத்திரை வேண்டும். அந்த வகையில் இதயக் கணக்கும் பார்க்க வேண்டும். ரோஃபிகாக்சிப்பை 2004-ல் மாரடைப்பு அபாயத்தால் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

டைக்ளோஃபினாக் ஜெல்லையும் கேள். முழங்கால் தோலுக்கு அடியிலேயே இருக்கும் மூட்டு, மேலே தடவினால் மருந்து எட்டும். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை. ரத்தத்தில் கலப்பது மாத்திரையில் கலப்பதில் சுமார் 6 சதவீதம்தான். இத்தனை நல்ல வழியை ஏன் முதலிலேயே யாரும் எழுதுவதில்லை என்று எனக்கு எப்போதும் ஆற்றாமை உண்டு.

மாதவிடாய் வலிக்கு நீ போடும் மெஃபனமிக் ஆசிட்டும் இதே ஜாதி. நாப்ராக்சனோடு அது வேண்டவே வேண்டாம். ஜலதோஷ மாத்திரை வாங்கினால் உள்ளே ஐபுப்ரோஃபென் இருக்கிறதா என்று அட்டையைப் படி. இரண்டு போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, வயிற்றின் ஆபத்துதான் கூடும். கூடுதலாக ஏதாவது தேவைப்பட்டால் பாராசிட்டமால், ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மி.கி., குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. மதுவும் சிகரெட்டும் வயிற்றுக்கு ஆகாது. நீ பெரியவள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

கேஸ் மாத்திரை காப்பது இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் மட்டும். சிறுநீரகத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதனால் ஒரு உதவியும் இல்லை. வாந்தி, பேதி, காய்ச்சலில் உடம்பு வற்றினால் தேறும்வரை நாப்ராக்சனை நிறுத்து. டெங்குவோ என்ற சந்தேகம் வந்தால் தொடவே தொடாதே. இரண்டு வாரத்தில் ஒரு தடவை பிரஷர் பார். மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் நீண்டால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல். கர்ப்பம் என்றாலோ அந்த உத்தேசம் இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல், 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இந்த வரியை உன் அம்மா எழுதச் சொன்னாள்.

மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கமில்லாத நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ வந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, வயிறு திடீரென்று கல் போல் இறுகி வலித்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போ. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், நீ அது சாப்பிடுகிறாயா என்று தெரியாது. சந்தேகம் என்றால் போய்விடு. எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய், பகலா இரவா என்று பார்க்காதே.

நாப்ராக்சன் முடிந்ததும் ஒமெப்ரசோலை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள். ஒரு மாதம் மட்டும் போட்டால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. நிறுத்தியதும் சில நாள் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரியலாம், அதைப் பார்த்துப் பயந்து வருஷக்கணக்கில் தொடர்ந்துவிடாதே. நீண்ட நாள் போட்டால் மெக்னீசியமும் பி12-ம் குறையலாம்.

நீ முன்போல் பேசுவதில்லை என்று அம்மா குறைப்பட்டாள். முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வேலையில் எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும்தான். அந்த இன்னொரு மாத்திரை பற்றி அவளுக்குத் தெரியாது, தம்பியும் கவனிக்கவில்லை. நீ சொல்கிறபோது சொல். எனக்கு என்று நீ விளக்கம் எழுத வேண்டாம், டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி அனுப்பினால் போதும். வீட்டுச் செய்தி அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: எஸ்சிடலோப்ராம் அட்டை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துக்கொள். கடையில் அன்றைக்கு இருப்பு இல்லை என்று இரண்டு மூன்று நாள் இடைவெளி விழுவதுதான் வழக்கமாக நடக்கும். தினமும் ஒரே நேரத்தில் போடு. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கு அதற்குக் கிடையாது.