படிவத்தில் வரும் விசாரணைகள் எங்கே போகின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டில் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்களும், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை விற்பவர்களும் இப்போது சொந்த டொமைனில் (இணையப் பெயரில்) வலைத்தளம் வைத்திருக்கின்றனர். தளம் ஒரு வாடகை சர்வரில் (இணையத்தோடு இணைந்த கணினியில்) இருக்கும்; அஞ்சல் பெட்டிகள் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இருக்கும். இந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் இதில் ஒளிந்திருக்கும் ஒரு குறையைத் தளம் அமைத்துக் கொடுப்போரில் பலர் கவனிப்பதில்லை.

வெளியிலிருந்து அஞ்சல் அனுப்பும் சர்வர், இணையப் பெயர்களின் பொது விவரப் பட்டியலான டிஎன்எஸ்ஸில், அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் பார்த்து, அவற்றுள் முன்னுரிமை எண் குறைந்ததை முதலில் நாடும். எனவே ஜிமெயிலிலிருந்து சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். தளத்திலுள்ள 'அறை வேண்டும்' படிவமோ பெரும்பாலும் தளம் இருக்கும் சர்வரிலிருந்தே அஞ்சலை அனுப்புகிறது. அந்த சர்வரில் இந்த டொமைன் 'லோக்கல்' (அஞ்சல் பெட்டிகள் இங்கேயே உள்ளன) என்று குறிக்கப்பட்டிருந்தால், அது எம்எக்ஸ் பதிவைப் பொருட்படுத்தாமல் அஞ்சலைத் தன்னிடமுள்ள, எவரும் திறக்காத பெட்டியில் போட்டுவிடும்; பெட்டியே இல்லையென்றால் அப்படியொரு முகவரி இல்லையென்று திருப்பிவிடும். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின்னும், பூட்டிய பெரிய வீட்டின் திண்ணையிலேயே தபாலைப் போட்டுவிட்டு வருவதைப் போன்றது இது. சிங்கப்பூரிலிருந்து அறை கேட்டவர் பதில் வராமல் வேறு விடுதிக்குப் போய்விடுவார். உரிமையாளரோ சீசன் மந்தம் என்று நினைத்துக்கொள்வார்.

சர்வரை நிர்வகிக்க உதவும் சிபேனல் என்ற மென்பொருள் உள்ள சர்வரில் 'ஈமெயில் ரூட்டிங்' பக்கத்தைத் திறந்து, அந்த டொமைனுக்கு 'ரிமோட்' (அஞ்சல் பெட்டிகள் வேறிடத்தில் உள்ளன) என்பதைத் தேர்ந்தால் இது தீரும். அங்குள்ள 'பேக்கப்' என்பது, முதன்மை சர்வர் மீண்டும் இயங்கும் வரை அஞ்சலைப் பிடித்து வைப்பதற்கானது; இங்கே அது பொருந்தாது.

மாற்றிய பின் படிவ அஞ்சல் வெளியே போய் வருவதால், டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் தளத்தின் சர்வரும் இடம்பெற வேண்டும். இல்லையேல் அது ஸ்பேமுக்குப் போகக்கூடும். ஒரு டொமைனுக்கு ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம் என்பதால், இரண்டாவதாக ஒன்றைச் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ள பதிவையே திருத்த வேண்டும். இது தெரியாமல் இரண்டாவதைச் சேர்த்து, முதல் பதிவையும் செல்லாததாக்கிவிடுவோர் உண்டு.

தளம் அமைப்போர், வேலையை ஒப்படைக்கும் நாளில் உரிமையாளர் முன்னிலையில் படிவத்திலிருந்தே ஓர் அஞ்சல் அனுப்பிக் காட்ட வேண்டும். ஜிமெயிலிலிருந்து அனுப்பிப் பார்த்ததைச் சோதனையாக உரிமையாளர்கள் ஏற்கக் கூடாது. தங்கள் வணிகப் பக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், காரைக்குடி