புருடை உடைந்த கதை

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. போனில் நீ கேட்டபோது நான் மழுப்பிவிட்டேன். நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மெல்போர்னுக்கு வரும் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் அட்டாலியில் இருக்கும் பழைய சுரைப்புருடையைக் கொடுத்துவிடச் சொன்னாய். நீ இடுப்பில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகிய காய்ந்த சுரைக்குடுக்கை. அது இப்போது இல்லை அம்மணி. இரண்டு வருசத்துக்கு மேலாகிறது. தேங்காய் எடுக்க ஏறினவன் காலில் இடித்துத் தள்ளிவிட்டேன். கீழே விழுந்து நாலு சில்லாகப் போனது. உன் தாத்தா, உங்கப்பாரு, கையால் கயிறு கட்டின பொருள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உங்கம்மா வாயையும் அடைத்து வைத்திருந்தேன்.

நான் சுரைக்கொடிக்குப் பின்னால் அலைகிறேன் என்று அவள் உன்னிடம் குறை சொன்னாளே, அது இதனால்தான்.

முதல் வருசம் கடையில் பாக்கெட் விதை வாங்கிப் போட்டேன். காய் கை நீளத்துக்குத் தொங்கியது. முற்றவிட்டுக் காயப்போட்டால் ஓடு அப்பளம் கனம்கூட இல்லை, எல்லாம் சொட்டை விழுந்து ஒடுங்கிப்போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இது கறிக்கு மட்டும்தான் உதவியது. அப்புறம் சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போனபோது, ஒரு பெரியவரிடம் பேச்சுக்கொடுத்து நாட்டு விதை பத்து வாங்கி வந்தேன். மேலும் கீழும் உருண்டு இடுப்பு சிறுத்த காய். அந்த இடுப்பில்தானே கயிறு நிற்கும்.

ஆடியில் கிளுவை வேலி ஓரமாக ஊன்றினேன். இந்தப் பூ பூசணிப் பூ மாதிரி காலையில் விரியாது. பொழுது சாயும்போது வெள்ளையாக விரிந்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வதங்கிவிடும். ராத்திரி அந்துப்பூச்சி வந்தால்தான் காய். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். நான் டார்ச் எடுத்துக்கொண்டு போய், ஆண் பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, அடியில் குட்டிக்காய் இருக்கிற பெண் பூவில் தொட்டு வைப்பேன். வேலியோரம் வெளிச்சம் அசைவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடியோடு ஓடி வந்தார், திருடன் என்று.

புருடைக்கு விட்ட காய்க்கெல்லாம் சிவப்புத் துணி கட்டினேன். இல்லாவிட்டால் உங்கம்மா பிஞ்சிலேயே பொரியலுக்கு அறுத்துவிடுவாள். ஒன்று கசந்தது என்று மாட்டுக்குக்கூடப் போடாமல் குப்பையில் கொட்டினாள். அது சரிதான். சுரைக்காய் கசந்தால் அந்தக் கசப்பே நஞ்சு. அங்கே கடையில் வாங்கினாலும் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமை.

தையில் காம்பு காய்ந்து பழுப்பான பிறகு, இரண்டு விரக்கடை காம்பு விட்டு அறுத்து, கொட்டகை நிழலில் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாளில் மேலெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அழுகிவிட்டதென்று மூன்றை எடுத்துக் கல்லுக்குவியலில் வீசினேன். வைகாசியில் கல் எடுக்கப் போனவன் மிதித்துவிட்டேன், உடையவில்லை. எடுத்துப் பார்த்தால் இறகு கனம். குலுக்கினால் விதை கலகலவென்கிறது. பூஞ்சணம் மேல்தோலோடு சரி, உள்ளே ஓடு மரக்கட்டையாக இறுகியிருந்தது. ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரால் தேய்த்தால் கறுப்பு உரிந்து, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் திட்டுத்திட்டாக வந்தது பார், அதைக் கீழே வைக்க மனசே வரவில்லை.

நான் லாரி ஓட்டின காலத்தில் மகாராஷ்டிராவில் மிரஜ் என்ற ஊரில் ஒரு தெரு முழுக்கப் பெரிய பெரிய சுரைக்குடம் அடுக்கியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தம்புராவும் சிதாரும் செய்வதற்கு. பண்டரிபுரம் பக்கம் விளைந்து வருவதாம். அன்றைக்கு லோடு இறக்கும் அவசரம், நின்று பார்க்கவில்லை. இப்போது அதே ஞாபகம்.

மிச்சமிருந்ததில் உப்புக்கு ஒன்று, மோர் மொள்ள ஒன்று செய்தேன். ரம்பப் பிளேடால் வாய் அறுத்து, உள்ளே பஞ்சைச் சுரண்டி, கசப்புப் போகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வைத்து, காயவிட்டுத் தேன்மெழுகு உருக்கிப் பூசினேன். சுரண்டும்போது பறக்கிற தூசி நெஞ்சைக் கட்டிக்கொண்டது, நாலு நாள் இருமல். இப்போது ஈரத்துண்டு கட்டிக்கொள்கிறேன். விளக்கு ஒன்றும் இருக்கிறது. உங்கம்மா போடும் பதினோரு புள்ளிக் கோலத்தை அப்படியே வைத்து, ஊசியைக் காய்ச்சித் துளை போட்டேன். ராத்திரி உள்ளே பல்பு எரியவிட்டால் சுவரெல்லாம் கோலம். ஒரு பக்கம் துளை கோணல், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். விளக்கைப் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் கொடுத்துவிடுகிறேன்.

புருடையைத்தான் கொடுத்துவிட முடியாது. அதை அறுக்கக் கூடாது. முழுசாக மூடியிருந்தால்தான் மிதக்கும். மூடியிருந்தால் உள்ளே விதை இருக்கும். விதையைக் கண்டால் உங்கள் ஊர் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று நீயேதான் போன தடவை சொன்னாய், உங்கம்மா அவரை விதைப் பொட்டலத்துக்கு.

இரண்டு புருடை தயார். கிணற்றுத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றில் காம்புப் பக்கம் குமிழி வந்தது, மெழுகு வைத்து அடைத்துவிட்டேன். அப்புறம் நானே கட்டிக்கொண்டு இறங்கினேன். உங்கம்மா படியில் நின்று திட்டின திட்டு கிணற்றுக்குள் இரண்டு தடவை கேட்டது. என் கனத்தையே தாங்குகிறது.

டிசம்பரில் உன் பையனுக்குப் பெரிய லீவுதானே. ஐப்பசி மழை பெய்தால் கிணற்றில் இன்னும் பத்துப் படி முங்கும். மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், பயப்படாதே. அவன் இடுப்பளவை மட்டும் நூல் பிடித்து எழுதி அனுப்பு. கயிறு திரித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா