வட்டக்கச்சியிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே நல்ல சுகம். நீயும் சுகமாக இருக்கப் புளியம்பொக்கணை நாகதம்பிரானை வேண்டிக்கொள்கிறேன். உன் குரல் கேட்டு இன்றோடு 22 நாள். படிப்புக் கூடிப்போச்சு என்று அம்மா சொல்கிறா. இருக்கும். 2 வருஷப் படிப்பில் கடைசித் தவணை என்றால் சும்மாவா. அதோடு விடியப்புறம் பேக்கரி வேலையும். வெறும் வயிற்றோடு மட்டும் வகுப்புக்குப் போகாதே பிள்ளை.

காலபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல் ஈரம் என்று சொல்லி விலையைக் குறைத்துத்தான் எடுத்தார்கள். காப்பு மீட்டாச்சு, அம்மாவின் கையில் கிடக்கிறது. அண்ணாவின் படத்துக்குப் புது மாலை போட்டோம். வேறு புதினம் எழுதத்தான் இருந்தேன், பேனை ஓடவில்லை.

நீ அனுப்பிய படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தோலில்லாத அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று தொடையைத் தொட்டுக் காட்டுகிறாய். அந்தத் தசைக்கு நாலு தலை, நாலும் சேர்ந்துதான் முழங்காலை நிமிர்த்துகிறது என்று சொன்னாய். நெஞ்சில் அமத்தி மூச்சு வரவைக்கிறதற்கும் சான்றிதழ் எடுத்துவிட்டாய். எங்கள் பரம்பரையில் எலும்பையும் தசையையும் பெயர் சொல்லிப் படித்தது நீ ஒருத்திதான். ஆனால் படத்தில் உன் கழுத்தெலும்பும் தெரிகிறது. சாப்பிடுகிறாயா? மற்றவர்களுக்கு உடம்பைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறவள் தன் உடம்பைப் பார்க்க வேண்டாமா?

கணக்கியலை ஒரு வருஷத்தில் விட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. கட்டின காசுக்காக இல்லை. காசுக்காகவும்தான். ஆர் பார்த்தாலும் இன்ன படிப்பு என்று விளங்கிற படிப்பு அது. இந்த உடற்பயிற்சிப் படிப்பைக் கேட்டால் சனம், 'அதுக்கும் கொலிச்சோ?' என்று கேட்கும். நீ எவ்வளவு பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினாய். பிசியோ வேறு, நாங்கள் வேறு அப்பா, வருத்தக்காரருக்கு வைத்தியம் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை, டொக்டர் சரி என்றால்தான் தொடுவோம், என்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுப்பதுகூட எங்கள் வேலை இல்லை, எங்கள் எல்லை எது என்று தெரிந்திருப்பதுதான் முதல் பாடம் என்றாய். வயல் வரம்பு மாதிரி என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நீ எடுத்த நேரம் நான் சந்திக் கடையில் நின்றேன். பிறகு எடு பிள்ளை என்று சொல்லிப் போனைச் சட்டைப் பையில் போட்டேன். அது அணையவில்லை என்று வீட்டுக்கு வந்துதான் கண்டேன். கடைக்காரர் மகள் என்ன படிக்கிறா என்று கேட்டார். பிசியோ, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் என்றேன். நீ கேட்டிருப்பாய். கேட்கவில்லை என்றுதான் 22 நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

போன வருஷம் பழகிப் பார்க்க என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னிடம் 7 கேள்வி கேட்டாயே. இருதய வருத்தம் என்று டொக்டர் எப்போதாவது சொன்னாரா, நெஞ்சு நோகுமா, தலை சுற்றி விழுந்தீர்களா. எலும்பிலோ மூட்டிலோ ஏதும் பிரச்சினையா என்று கேட்டபோது இல்லை என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். பிறகு அடுத்த கேள்விக்குப் போனாய். உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

2009-இல் சண்டையில் செல்லடி பட்டு, ஆஸ்பத்திரியாக்கியிருந்த மாத்தளன் பள்ளிக்கூடத்தில் வைத்து என் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கப்பலில் ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்தபோது உனக்கு 9 வயது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் வைக்க வேண்டாம், மடங்கியபடியே இறுகிவிடும், நேரே நீட்டிப் படுக்க வேண்டும் என்று தாதி சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. நீ வாங்கினாய். நான் அம்மாவின் சேலையைச் சுருட்டிக் காலுக்குக் கீழே வைப்பேன். உயர்த்தி வைத்தால் நோவு குறையும். நீ வந்து மெல்ல உருவி எடுப்பாய். 'பத்து எண்ணும் வரைக்கும் அமத்துங்கோ அப்பா' என்று பக்கத்தில் இருந்து எண்ணுவாய். ஒருநாள் ஏழு எண்ணும்போது உன் கன்னத்தில் அடித்தேன். நீ அழவில்லை. சேலையை மடித்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணி வரிசைக்குப் போனாய். அதன் பிறகு நீ எண்ணவே இல்லை.

முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் போட்டபோதும் நடை சரிவரவில்லை. கால் செய்தவர்களில் பிழை இல்லை. ஊரில் எல்லாருக்கும் செல்லால் வந்த நொண்டல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். பாதிதான் செல்லால் வந்தது.

நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்ன சொல்வாய் என்று பயம். கடைக்காரரிடம் பொய் சொன்ன நேரத்திலும் மனதுக்குள் அந்தக் கூடாரம்தான் வந்தது.

நேற்றுக் கடைக்குப் போய்ச் சொன்னேன். பிசியோ இல்லை, உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற படிப்பு, 2 வருஷ டிப்ளோமா, மகள் விரும்பித்தான் படிக்கிறா என்று. அவர் தனக்குச் சீனி வருத்தம் என்றார், நடந்தால் குறையுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். முதலில் டொக்டரிடம் கேளுங்கோ என்றேன். நீ சொல்லித் தந்த மாதிரி.

இரவு கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். கீழே ஒன்றும் வைக்கவில்லை. ஏழு வரைக்கும் எண்ண முடிந்தது, அதற்கு மேல் நோவு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நிமிருமோ தெரியாது. செவ்வாய்க்கிழமை கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டப் போகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெடியன் இதைப் படம் பிடித்து வைபரில் அனுப்புவான். அம்மா ஒடியல் மா கட்டி வைத்திருக்கிறா, ஆரும் வந்தால் கொடுத்து விடுகிறோம். காலமை சாப்பிடாமல் வெளிக்கிடாதே. அந்த 7 கேள்வியையும் திரும்ப ஒருக்கால் கேள். விடிய ஐந்தரைக்கு எழும்பிப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன், உனக்கு அப்போது இரவு ஏழு மணி.

அப்பா