பட்டர் ஃப்ரூட் வைக்கும் முன் உன் போர்த் தண்ணீரைப் பற்றி

குடியாத்தம்,
ஆடி முதல் வாரம்

அன்புள்ள ஏழுமலைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. காட்பாடிப் பக்கம் மழை எப்படி? இங்கே சாயங்காலம் மேகம் கூடுகிறது, இரண்டு நாளுக்கு ஒரு முறை நல்ல மழையும் இறங்குகிறது. நீ கேட்ட காரியத்துக்கு இதுதான் சரியான பருவம், அதனால் உடனே எழுதுகிறேன்.

வீட்டுப் பின்கட்டில் குட்டை ரக பட்டர் ஃப்ரூட் வைக்கலாமா, எந்த ரகம் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். அதே கடிதத்தின் கடைசியில், போர்த் தண்ணீரை மீட்டரில் பார்த்தேன், டி.டி.எஸ். 1,100 காட்டுகிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். டி.டி.எஸ். என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, மில்லிகிராம் கணக்கில். ரகத்தைவிட அந்த 1,100தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மரத்தைக் குட்டையாக வைப்பது நம் கையில் இருக்கும் வேலை. அது பிழைக்குமா என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

உப்பை இந்த மரம் தாங்காது. நாம் வீட்டில் வளர்க்கிற மா, கொய்யா, சப்போட்டா எல்லாம் சமாளித்துக்கொள்கிற தண்ணீரில் இதன் இலை கருகும். குறிப்பாகக் குளோரைடு. ஒரு லிட்டரில் 100 மில்லிகிராமைத் தாண்டினாலே தொல்லை ஆரம்பம். டி.டி.எஸ். கணக்கில் 500க்குள் இருந்தால் நிம்மதி. நம் பாலாற்றுப் பகுதியில், அதுவும் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பக்கம், நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துச் சோதித்துக்கொள். குளோரைடும் சோடியமும் தனித்தனியாக எவ்வளவு என்று கேட்டு வாங்கு. டி.டி.எஸ். மீட்டர் மொத்தத்தை மட்டும்தான் காட்டும்.

உப்புக் கருகலை இலையிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதிர்ந்த இலையை எடுத்துப் பார். நுனியில் துரு நிறத்தில் காய்ந்திருக்கும். அந்தக் காய்ச்சல் ஓரமாகவே இரண்டு பக்கமும் கீழே இறங்கும், நடுநரம்புப் பக்கம் பச்சையாகவே இருக்கும். காய்ந்த இடத்துக்கும் பச்சைக்கும் நடுவே கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும். பலர் இதைத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே போர்த் தண்ணீரைத் தினம் இரண்டு குடம் கூடுதலாக ஊற்றுகிறார்கள். கருகல் இன்னும் வேகமாக இறங்குகிறது.

வழி இருக்கிறது, கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உன் மாடியில் ஐந்நூறு சதுர அடித் தளத்துக்கு மட்டும் குழாய் இறக்கினாலும், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 400 லிட்டருக்கு மேல் கிடைக்கும். புதுச் செடிக்கு முதல் கோடையில் ஒன்று விட்டு ஒரு நாள் பத்து லிட்டர் போதும். நாலு மாதத்துக்கு 600 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை ஐப்பசி, கார்த்திகையில் நிரப்பி, வெயில் படாமல் மூடி வைத்தால் முதல் கோடை முழுக்க மழைத் தண்ணீரிலேயே தாண்டிவிடும். மூன்றாம் வருடம் ஒன்று விட்டு ஒரு நாள் 30 லிட்டர் கேட்கும். பத்தடி மரமாக விரிந்தபின் கத்திரி வெயிலில் தினம் 35, 40 லிட்டர் குடிக்கும். அப்போது கலந்துதான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீர் ஒரு பங்கு, மழைத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் உன் 1,100 ஏறக்குறைய 400க்கு வந்துவிடும். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், அதை மூன்றாம் வருடத்துக்குள் யோசித்து வை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதையும் பிடித்து ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை ஒரு சொட்டுகூட விடாதே. வீணாகப் போகிறதே என்று செடிக்குத் திருப்பி விடுகிற வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது உப்பைத் திரட்டி அனுப்புகிற தண்ணீர். துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம், சோப்பில் சோடியம்.

மாதம் ஒரு முறை வழக்கத்தைவிட மூன்று மடங்கு தண்ணீரை நிதானமாக விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்கு. இன்னொன்று, கோடையில் லேசான தூறல் போட்டு நின்றுவிட்டால் அன்றைக்கே தண்ணீர் பாய்ச்சு. மேல் மண்ணில் படிந்த உப்பை அந்தத் தூறல் கரைத்துச் சரியாக வேர் இருக்கும் ஆழத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மழை பெய்ததே என்று தண்ணீரை நிறுத்தினால் அந்த வாரமே இலை காட்டிக்கொடுக்கும்.

இப்போது ரகம். குட்டை ரகம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது வர்ட்ஸ். ‘லிட்டில் காடோ’ என்றும் சொல்வார்கள். கலிஃபோர்னியாவில் உருவானது, எட்டுப் பத்தடியில் நின்றுவிடும். ஹாலிடே, க்வென் என்று இன்னும் சில உண்டு. இவை எல்லாம் குவாத்தமாலா, மெக்சிகோ மலை இனங்களின் வழி வந்தவை. ஹாஸ் ரகமும் அப்படித்தான். ஏலகிரியில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒருவர் வைக்கிறேன் என்றால் நான் மறுக்க மாட்டேன். வேலூரில் மே மாதம் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற வெயிலில், பிஞ்சு நிற்க வேண்டிய நேரத்தில் அதை நம்பி இறங்காதே. சமவெளிக்கு மேற்கிந்தியத் தீவு இனம்தான் பொருத்தம். சூட்டைத் தாங்கும், மூன்று இனங்களில் உப்பைக் கொஞ்சமாவது பொறுப்பதும் அதுதான். பொல்லாக் ரகம் அந்த இனம். சோக்கெட் ரகம் மேற்கிந்திய இனமும் குவாத்தமாலா இனமும் கலந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தடியன்குடிசையில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட டி.கே.டி. 1 அடர் நடவுக்கு ஏற்ற நல்ல மரம்தான், ஆனால் அது கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கு.

நர்சரியில் மேலே இருக்கிற ரகத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே, அந்த ரகத்தை ஒட்டுக் கட்டியிருக்கும் வேருள்ள அடிச்செடி என்ன என்று கேள். மேற்கிந்திய விதையில் முளைத்த அடிச்செடி என்றால் உப்பும் சுண்ணாம்பும் கலந்த நம் மண்ணில் நிற்கும். ஒட்டு மூட்டு பென்சிலைவிடத் தடிமனாக, நன்றாகக் கூடியிருக்க வேண்டும். பையின் அடியில் வேர் சுருண்டு கிடந்தால் அந்தச் செடி வேண்டாம். விதை போட்டு வளர்க்கலாமே என்று தங்கச்சி சொன்னதாக எழுதியிருந்தாய். முளைக்கும், அழகாகவும் வரும். ஆனால் காய்க்க ஏழெட்டு வருடமோ அதற்கு மேலோ ஆகும், மாடியைத் தாண்டி உயரும், என்ன காய் வரும் என்றும் சொல்ல முடியாது. ஒட்டுச்செடி மூன்று நாலு வருடத்தில் காய்க்கும்.

நடுவதற்கு முன் ஒன்றரை அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பு. வடிந்ததும் மறுபடி நிரப்பு. இரண்டாவது தடவை சில மணி நேரத்தில் வடிந்தால் மண் நல்ல மண். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழியே எடுக்காதே. எப்படியிருந்தாலும் நான் மேடுதான் சொல்வேன். ஒன்றரை அடி உயரம், ஆறடி அகலம், சரளை கலந்த செம்மண், அதில் பத்தில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம். பச்சைச் சாணியும் குழி நிறைய எருவும் வேண்டாம், எரு மக்க மக்க மண் அமுங்கி மூட்டு மண்ணுக்குள் போய்விடும். பையைக் கத்தியால் கீறி எடு, வேர்க்கட்டி உடையக் கூடாது. கட்டியின் மேல்மட்டம் மேட்டின் மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலேயே இருக்கட்டும். சுவரிலிருந்து எட்டடி தள்ளி, முடிந்தால் வீட்டுக்குக் கிழக்கே. பிற்பகல் வெயிலை வீடே மறைத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாவிட்டால் மேற்கே இரண்டு அகத்தி நட்டுவிடு, வெற்றிலைக் கொடிக்காலில் செய்கிற மாதிரி. முதல் இரண்டு கோடைக்கு ஐம்பது சதவீத நிழல்வலை கட்டாயம்.

மேட்டின் மேல் இரண்டு கிலோ ஜிப்சம் தூவி, அதன்மேல் அரையடி மூடாக்கு. மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்), கரும்புச் சோகை, காய்ந்த இலை எதுவானாலும் சரி. தூரிலிருந்து அரையடி தள்ளியே இருக்கட்டும். இதன் உணவு வேர் எல்லாம் மேல் மண்ணில்தான். வேர்த்தூவியும் கிட்டத்தட்டக் கிடையாது, அதனால் கொத்தவே கூடாது. மூடாக்கை விரலால் விலக்கிப் பார்த்தால் வெண்ணெய் நிறத்தில் புது வேர்நுனிகள் அதற்குள்ளேயே ஏறி வந்திருக்கும். அப்படி இருந்தால் மரம் சுகமாக இருக்கிறது. வேர் கறுத்து, கிள்ளினால் பொடிந்து, மேலே இலை சிறுத்து வெளிறி, மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் அது வேரழுகல், ஃபைட்டாப்தோரா என்ற மண் கிருமியால் வருவது. தண்ணீரை உடனே குறைத்து, வடிகாலைச் சரிசெய்து, பொட்டாசியம் பாஸ்போனேட் என்ற மருந்தை லேபிளில் உள்ள அளவில் ஊற்ற வேண்டும். முன்கூட்டியே கவனித்தால்தான் தேறும். ஐப்பசி அடைமழையில் மேடு இல்லாத செடிகள் போவது இதில்தான்.

உரம் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் இரண்டு மாதம் எதுவும் வேண்டாம். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கிலோ மண்புழு உரம். சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போடாதே, அது பொட்டாசியம் குளோரைடு. நீ தண்ணீரில் தவிர்த்த குளோரைடை உரத்தில் கொண்டுவந்து கொட்டுவதாகும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேட்டு வாங்கு. நம் களர் மண்ணில் இளந்தளிர் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் வந்தால் இரும்புக் குறை. ஈ.டி.டி.ஏ. இரும்பு இந்த மண்ணில் வேலை செய்யாது, ஈ.டி.டி.ஹெச்.ஏ. இரும்பை மண்ணில் கரைத்து ஊற்று.

இனி மரத்தைக் குட்டையாக்கும் வேலை. செடி மூன்றடி வந்ததும் இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளு. பக்கவாட்டில் நாலைந்து கிளை வரும். நாலு திசைக்கு ஒன்றாக விட்டு மற்றதை எடு. அவை ஒன்றரை அடி நீண்டதும் மறுபடி நுனி கிள்ளு. இதை இரண்டு சுற்று செய்தால் அடிமரத்திலேயே குடை விரிந்துவிடும். ஒட்டு மூட்டுக்குக் கீழே வரும் துளிரை அப்போதைக்கப்போது கிள்ளிப் போடு. செங்குத்தாக எகிறும் போத்துகளை வெட்டுவதைவிடக் கயிறு கட்டிச் சாய்ப்பது நல்லது, சாய்ந்த கிளை சீக்கிரம் பூக்கும். காய்ப்புக்கு வந்தபின் கவாத்து அறுவடை முடிந்த கையோடு, ஆவணி, புரட்டாசிக்குள். உயரமான கிளை ஒன்றிரண்டைப் பக்கக்கிளை பிரியும் இடத்துக்கு இறக்கி வெட்டு. மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் ஒரு தடவையில் போகக் கூடாது. ஐப்பசிக்கு மேல் கை வைக்காதே. பூ கிளை நுனியில்தான் வரும், நுனியை வெட்டினால் அடுத்த வருடக் காய் போச்சு. தரையைத் தொடும் தாழ்ந்த கிளைகளை அழகுக்காக எடுத்துவிடாதே, தூருக்கும் வேருக்கும் நிழல் அதுதான். வெட்டியதால் வெயில் படுகிற பட்டைக்குச் சுண்ணாம்பு அடி, இல்லாவிட்டால் பட்டை வெந்து வெடிக்கும்.

வெட்டிய இலையை உங்கள் ஆட்டுக்குப் போட்டுவிட வேண்டாம், ஏழுமலை. அதில் பெர்சின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. ஆடு, மாடு, முயல், கோழி எதற்கும் ஆகாது, இதயத்தையும் மடியையும் பாதிக்கும். வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவை.

மாடியில் டிரம்மில் வைக்கலாமா என்றும் கேட்டாய். நூறு லிட்டர் டிரம்மில் வளரும். ஆனால் உப்பு சீக்கிரம் சேரும், கறுப்பு டிரம்மில் வேர் வேகும். உனக்கு நிலம் இருக்கிறது, நிலத்திலேயே வை.

பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கும், முதலில் பெண்ணாக, அடுத்த நாள் ஆணாக. திறக்கும் நேரத்தை வைத்து ரகங்களை ஏ, பி என்று இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஏ வகையில் காலையில் பெண் பூ திறந்து மத்தியானம் மூடும், மறுநாள் பிற்பகல் ஆணாகத் திறக்கும். பி வகையில் பிற்பகல் பெண், மறுநாள் காலை ஆண். பூவைக் கிட்டப் பார்த்தால் தெரிந்துவிடும். நடுவில் வெள்ளையாகச் சூல்முடி நிமிர்ந்து நின்று, மகரந்தக் கம்பிகள் இதழோடு படுத்திருந்தால் பெண். கம்பிகள் எழுந்து நின்று சூல்முடி வாடியிருந்தால் ஆண். குளிர் நாட்டில் இந்த நேரம் முன்பின் ஆகி ஒரே மரத்தில் இரண்டும் கலக்கும். நம் சூட்டில் நேரம் பிசகாது, அதனால் துணை தேவை. பொல்லாக் பி, சோக்கெட் ஏ. எட்டடி தள்ளி இரண்டையும் வை. இடம் போதாவிட்டால் ஒரே மரத்தில் மற்ற வகையை ஒரு கிளையில் ஒட்டச் சொல். பூக்கும் நாளில் எந்த மருந்தும் அடிக்காதே, தேனீ வராது. பக்கத்தில் துளசி நாலு செடி இருக்கட்டும். பூ லட்சக்கணக்கில் வந்து கொட்டும், அதில் ஆயிரத்துக்கு ஒன்றுகூட நிற்காது. பயப்படாதே.

காய் மரத்தில் பழுக்காது. தோலின் பளபளப்பு மங்கியதும் ஒன்றைப் பறித்து வீட்டில் வை. ஒரு வாரம் பத்து நாளில் சுருங்காமல் கனிந்து, வெட்டினால் கொட்டையின் மேல்தோல் பழுப்புக் காகிதம் போலிருந்தால் மற்றதையும் பறிக்கலாம். காம்பைச் சிறிது விட்டுக் கத்தரி. சீக்கிரம் கனிய வேண்டுமானால் வாழைப்பழத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றி வை.

விரிஞ்சிபுரத்துச் சோதனை முடிவு வந்ததும் குளோரைடு எண்ணை மட்டுமாவது எனக்கு எழுது. கலக்கும் பங்கை அதைப் பார்த்து மாற்றிச் சொல்கிறேன். அதுவரை மேட்டைப் போட்டு மூடாக்கை விரித்துவை, மழையில் மண் அமர்ந்துகொள்ளும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு, பேத்திக்கு முத்தம்.

அன்புடன்,
முருகேசன்