அரிதாமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை நலப் பக்கத்தில், சோம்பேறிக் கண் (ஒரு கண்ணை மூளை கண்டுகொள்ளாமல் விட்டு, அதன் பார்வை மங்கிப்போகும் குறை) 'அரிதாக' வருவது என்று போட்டிருக்கிறீர்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இருப்பது உங்கள் அகராதியில் அரிதோ? தொடக்கப் பள்ளியில் வகுப்புக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் அந்த ஒன்று என் மகள்.

எட்டு வயதில்தான் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. வலது கண்ணில் தூசி விழுந்து, அதைப் பொத்திக்கொண்டே காலண்டரைப் பார்த்தவள், "தேதியை யாரும்மா அழிச்சா?" என்றாள். அதற்கு முந்தைய வருடம்தான் பள்ளியில் கண் பரிசோதனை நடந்து, 'நார்மல்' என்று சீட்டு வந்திருந்தது. வலது கண்ணைப் பொத்திய கையின் விரலிடுக்கு வழியாகப் பார்த்துப் படித்தாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். பரிசோதித்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

மாறுகண்ணாக இருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். இவளுக்கு இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம். வெளியே ஒன்றும் தெரியாது. மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது, மற்ற கண் சமாளிப்பதால் பிள்ளைக்கும் புகார் சொல்லத் தோன்றாது. ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்துமா, கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிவிடும் என்று போன வருடம் ஒரு குறிப்பு வெளியிட்டீர்கள்? இந்தக் குறைக்கு முதல் சிகிச்சையே கண்ணாடிதான் ஐயா! அப்போது நான் எழுதிய கடிதம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும். நகைச்சுவைப் பக்கத்தில் மாறுகண் ஜோக்குக்கு மட்டும் என்றைக்கும் இடப் பஞ்சம் வந்ததில்லை.

இப்போது கண்ணாடியோடு, தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுகிறோம். பிய்த்து எறிவாள், மறுபடி ஒட்டுவோம். பசை பட்டுப் புருவத்தோரம் சிவந்து கிடக்கிறது. ஏழு வயதுக்குள் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். திட்டக்கூட இல்லை, அமைதியாகத்தான் சொன்னார். இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த 'அரிதாக'வை எடுத்துவிட்டு, வீட்டில் பிள்ளையின் ஒவ்வொரு கண்ணாக, விரலால் அல்ல, உள்ளங்கையால் இடைவெளியில்லாமல் மூடிப் பார்க்கச் சொல்லி அடுத்த இதழில் நாலு வரி போடுங்கள். சந்தேகம் இருந்தால் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வரட்டும். மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிடாதீர்கள். ஒட்டுப் போட்டிருக்கும் நேரத்தில் என் மகள் எழுத்துக் கூட்டிப் படிப்பது உங்கள் இதழைத்தான்.

இப்படிக்கு,
பல வருட வாசகி