முறுக்கி டேப் சுற்றும் ஜாயிண்ட்: வயர்மேன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிலில் மூத்த அண்ணன்மாருக்கும், இப்போதுதான் டெஸ்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நாலு எலக்ட்ரீஷியன் ஓரிடத்தில் சேர்ந்தால், வயரோடு வயரை எப்படி இணைப்பது என்கிற இந்தச் சண்டை வந்துவிடுகிறது. "நல்லா முறுக்கி டேப் சுத்தினா போதும், இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகல" என்பார் ஒருவர். வயரைச் செருகி லீவரை மடக்கினால் ஸ்பிரிங் கடித்துப் பிடிக்கும் லீவர் கனெக்டர் இல்லாமல் வேலையே செய்யமாட்டேன் என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது, அண்ணன்மாரிடம் கொஞ்சம் கூடுதலாக.

கெட்டியாக முறுக்கிய ஜாயிண்ட் முதல் நாள் நன்றாகத்தான் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் லோடு ஏறும்போது கம்பி சூடாகி விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது. இப்படியே போனால் முறுக்கு தளரும். அதை இறுக்கிப் பிடிப்பது டேப்பின் வேலை இல்லை. சூட்டில் பசை இளகி டேப்பே பிரிந்து வரும். தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை சேர்ந்தது என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 45 வாட் சூடு. சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்துப் பூசியது போலத்தான். இதில் கொடுமை என்னவென்றால், கரண்ட் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபி விழாது. கரண்ட் கூடவில்லையே, எப்படி விழும்? கசிவும் இல்லாததால், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். கருகல் வாடை வந்த பிறகுதான் வீட்டுக்காரருக்கே தெரியும்.

சரி, லீவர் கட்சிக்காரர்களே, கனெக்டர் வாங்கிவிட்டால் மட்டும் ஜாயிண்ட் சரியாகிவிடாது. வாகோ கம்பெனியின் 221 வரிசையில் 4 சதுர மி.மீ. வரை வயர் ஏற்கும் கனெக்டருக்கு வயர் நுனியில் 11 மி.மீ. உரிக்க வேண்டும். அவசரத்தில் 6 மி.மீ. உரித்துச் செருகினால் ஸ்பிரிங் செம்புக்குப் பதில் இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி போன்ற உடல் கொடுத்திருப்பதே பார்ப்பதற்குத்தான். பாருங்கள், ஒவ்வொரு வயரையும் இழுத்தும் பாருங்கள்.

அப்புறம், இழைக்கம்பி நுனியில் ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்குகிற பழக்கம். ஈயப்பற்று அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், ஸ்க்ரூ லூசாகும். ஃபெரூல் என்கிற சின்ன உலோகக் குழாயை நுனியில் போட்டு, அதற்கான கருவியால் நசுக்கி கிரிம்ப் செய்தால் முடிந்தது. ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்த முறையாக இருந்தாலும், ஜாயிண்ட் என்றால் பாக்ஸுக்குள், மூடியைத் திறந்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். வயர் எட்டவில்லை என்பதற்காகப் பைப்புக்குள் ஒட்டுப் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். முழு வயரையும் மாற்றி இழுக்க அரை நாள் கூடுதலாகும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அதற்கான கூலியையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்